என்னை நம்பி அனுமதி தராதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் விளையாட்டுப் பக்கத்தில், தொழில்முறை விளையாட்டில் ஊக்கமருந்தை அனுமதித்துவிட்டால்தான் என்ன என்று கேட்டு ஒரு கட்டுரை வந்திருந்தது. இரண்டு முறை படித்தேன். எழுதியவர் விவரம் தெரிந்தவர். அவர் சொல்வதில் பாதிக்கு என்னிடம் மறுப்பே இல்லை. ஆனால் கட்டுரை முழுக்க இரண்டே பேர்தான் வருகிறார்கள்: மருந்து போட்டுக்கொள்ளும் வீரர், அவரைச் சோதிக்கும் அதிகாரி. இருவருக்கும் நடுவில் கையில் ஸ்டாப்வாட்ச்சோடு ஒரு ஆள் நிற்பாரே, அவரைக் காணோம். அந்த ஆள் நான்தான்.

இருபத்தாறு வருடம் தடகளப் பயிற்சியாளராக இருந்து ஓய்வுபெற்றவள். அதற்கு முன் 400 மீட்டர் ஓடினேன். சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிழிக்கவில்லை. என் பெயரை வெளியிட வேண்டாம் என்று தனியாகக் கேட்டிருக்கிறேன். என் பெயர் தெரிந்தால் கீழே எழுதப்போகும் பெண் யார் என்பது எங்கள் வட்டாரத்தில் ஒரே நாளில் தெரிந்துவிடும்.

அவளுக்கு அப்போது 17 வயது. 800 மீட்டர் ஓடுவாள். சேர்ந்த புதிதில் சீசனுக்குச் சீசன் டைமிங் இறங்கிக்கொண்டே வந்தது. 2 நிமிடம் 14 விநாடியில் வந்து நின்றது, நின்றதுதான். இரண்டு சீசன் ஓடிவிட்டது. ஓடுகிற பெண்பிள்ளைகளுக்கு இது வரும். உடம்பு வளர்கிறது, இடுப்பு அகல்கிறது, பழைய கால் புதிய எடையைத் தூக்கிப் பழக வேண்டும். பொறுத்திருந்தால் சிலருக்குப் பூட்டு திறக்கும், சிலருக்குத் திறக்காது. யாருக்குத் திறக்கும் என்று எந்தக் கோச்சுக்கும் தெரியாது. தெரியும் என்று சொல்கிறவரிடம் உங்கள் பிள்ளையை விடாதீர்கள்.

ஒரு நாள் பயிற்சி முடிந்து எல்லாரும் போனபிறகு அவள் அப்பா வந்தார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து, மடித்தபடியே நீட்டினார்.

"மேடம், இது என்னன்னு பாருங்க. இதைப் போட்டா நாலு செகண்ட் குறையும்னு சொல்றாங்க."

யார் சொன்னது என்று கேட்டேன்.

"எல்லாரும்தான்."

பால்பாயிண்ட் பேனாவில் ஒரு ஸ்டீராய்டின், அதாவது தசையைப் பெருக்கும் மருந்தின் பெயர், எழுத்துப் பிழையோடு. கீழே எத்தனை மில்லிகிராம், எத்தனை வாரம் என்ற கணக்கு. பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் இன்று மாலைக்குள் நாலு பேர் தேடிக்கொண்டு கிளம்புவார்கள்.

அந்த மனிதரை வில்லனாக நினைத்துவிடாதீர்கள். மகள் ஓடுகிற ஒவ்வொரு ரேஸையும் கம்பி வேலிக்கு வெளியே நின்றுதான் பார்ப்பார். தன்னைப் பார்த்தால் அவளுக்குப் பதற்றம் வந்துவிடுமாம். அவருக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: மற்ற பிள்ளைகள் போடுகிறார்கள், என் பிள்ளை போடவில்லை, அதனால்தான் பின்னால் வருகிறாள்.

நான் சொன்ன பதில் ஒரே வரி. "மாட்டினா நாலு வருஷம் ஓட முடியாதுங்க."

உடம்பு கெட்டுப்போகும் என்று சொல்லவில்லை. பெண்பிள்ளைக்குக் குரல் தடித்துவிட்டால் மருந்தை நிறுத்தினாலும் பழைய குரல் திரும்பாது என்று சொல்லவில்லை. அது ஏமாற்று வேலை என்றும் சொல்லவில்லை. அவர் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "மாட்டாம இருக்கவும் வழி இருக்காமே மேடம்?" என்றார். எனக்குத் தெரியாது என்றேன். தாளைத் திருப்பிக் கேட்காமலே போய்விட்டார்.

அன்று இரவு நான் செய்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. பயிற்சி நோட்டை எடுத்தேன். 2:14-லிருந்து நாலைக் கழித்தேன். 2:10. அந்த வருட ரிசல்ட் ஷீட்டை விரித்து, 2:10 ஓடினால் எந்த இடம் என்று விரல் வைத்துப் பார்த்தேன். இரண்டாவது. அதோடு விட்டேனா? இரண்டாவதாக வந்தால் எந்த முகாமுக்குக் கூப்பிடுவார்கள், அவளோடு எந்தக் கோச்சை அனுப்புவார்கள் என்பதுவரை போய்விட்டேன். நோட்டை மூடும்போது மணி பதினொன்று. அந்த மருந்து கெடுக்கக்கூடிய அவள் கல்லீரலைப் பற்றி ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

என் கையைக் கட்டிப்போட்டது என் நல்ல மனசு என்று சொன்னால் பொய். மாட்டிக்கொள்வோம் என்ற பயம்தான். அதற்கு முன்பே இரண்டு மூன்று பிள்ளைகளோடு அந்தச் சோதனை அறைக்குள் போய்வந்தவள் நான்.

அடுத்த சீசனில் இவளோடும் போனேன். ஒரு மீட்டில் மூன்றாவதாக வந்தாள், டோப் டெஸ்ட்டுக்கு எடுத்துவிட்டார்கள். பதினெட்டு நிரம்பாதவர் என்றால் பெரியவர் ஒருவர் கூட இருக்கலாம். கட்டுரையாளர் இந்தச் சோதனையை மானக்கேடு என்று எழுதியிருக்கிறார். எனக்கும் மறுப்பில்லை. மேல்சட்டையை நெஞ்சுக்குக் கீழ்வரை தூக்க வேண்டும், கால்சட்டையை முட்டிவரை இறக்க வேண்டும், கையை முழங்கைவரை மடிக்க வேண்டும். சிறுநீர் உடம்பிலிருந்து கோப்பைக்குள் விழுவதை ஒரு பெண் அதிகாரி நேராகப் பார்த்துக்கொண்டு நிற்பார். கூடப் போகிற நான் பார்க்க வேண்டியது அந்த அதிகாரியை, பிள்ளையை அல்ல. 90 மில்லி வேண்டும். இவளுக்கு வந்தது 40. அதை ஒட்டி ஓரமாக வைத்துவிட்டு, மூடி திறக்காத தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்து உட்காரவைத்தார்கள். ஓடி வியர்த்த உடம்பில் எங்கிருந்து வரும்? இரண்டரை மணி நேரம். நடுவில் ஒரு முறை அழுதாள். முடிந்ததும் 'பி' பாட்டிலில் 30 மில்லி, மீதி 'ஏ' பாட்டிலில். மூடியைத் திருகும்போது பல்சக்கரம் மாதிரி கிளிக் கிளிக் என்று சத்தம் வரும். அப்புறம் மூடியை உடைக்காமல் யாராலும் திறக்க முடியாது.

கடைசியில் படிவம். அதில் கோச்சின் பெயருக்கு என்று ஒரு கட்டம் உண்டு. அவள் குனிந்து, அழுத்தி அழுத்தி, இனிஷியலோடு என் பெயரை எழுதினாள். அவள் அப்பா விட்டுப்போன அந்தத் தாள் அப்போதும் என் நோட்டுக்குள்தான் இருந்தது.

கட்டுரையாளர் பென் ஜான்சனைக் குறிப்பிட்டிருந்தார். 1988 சியோல் ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 9.79-ல் ஓடி, ஸ்டீராய்டு சோதனையில் மாட்டி மூன்றே நாளில் தங்கத்தைப் பறிகொடுத்தவர். ஜான்சனைத் தெரிந்த அளவுக்கு அவருடைய கோச் சார்லி பிரான்சிஸை வாசகர்களுக்குத் தெரியாது. இதற்காகக் கனடா அமைத்த டூபின் விசாரணை ஆணையத்தின் முன் மறு வருடம் அவர் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். அவர் போட்ட கணக்கு எளிமையானது: உலகத் தரத்தில் 100 மீட்டருக்கு ஸ்டீராய்டு கொடுப்பது சுமார் ஒரு மீட்டர். எல்லாரும் போடும்போது நீ போடாவிட்டால், உன் ஸ்டார்ட்டிங் பிளாக்கை மற்றவர்களைவிட ஒரு மீட்டர் பின்னால் வைத்துக்கொண்டு ஓடுகிறாய் என்று அர்த்தம். ஜான்சன் அவரிடம் சேர்ந்தபோது வயது 15. மருந்து தொடங்கியபோது இருபதுகூட நிரம்பவில்லை.

பிரான்சிஸின் கணக்கில் தப்பு கண்டுபிடிக்க நிறைய முயன்றிருக்கிறேன். கண்டுபிடிக்க முடியவில்லை. பயிற்சியாளராகப் பார்த்தால் அது சரியான கணக்கு. மாட்டினால் என்ன ஆகும் என்பது ஒன்றுதான் அந்தக் கணக்கைக் கெடுக்கிறது. அதையும் எடுத்துவிட்டால், அந்த அப்பாவிடம் நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்? "உங்க பொண்ணை ஒரு மீட்டர் பின்னாடியே நிறுத்தி வைக்கப்போறேன்" என்றா? மறுநாளே வேறு கோச்சிடம் கூட்டிக்கொண்டு போயிருப்பார். அவரைத் தப்பு சொல்லவும் முடியாது.

கட்டுரையாளர் பதில் வைத்திருக்கிறார்: பெரியவர்களுக்கு மட்டும், அதுவும் மருத்துவர் கண்காணிப்பில்.

மருத்துவர் கண்காணிப்பை ஒரு நாடு முழு மூச்சோடு செய்து காட்டியிருக்கிறது. கிழக்கு ஜெர்மனியில் 1974-ல் அரசுத் திட்டம் 14.25 என்று பெயர் வைத்து, மருத்துவர்களை வைத்து, ஆளுக்கு எவ்வளவு என்று குறித்துவைத்துக் கொடுத்தார்கள். பல சிறுமிகளிடம் வைட்டமின் என்றார்கள். குண்டு எறிதலில் 1986-ல் ஐரோப்பிய சாம்பியனான ஹைடி கிரீகருக்கு 16 வயதிலேயே நீல நிற ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கிவிட்டது. பிற்பாடு அவர் ஆணாக மாறி ஆந்திரேயாஸ் கிரீகர் ஆனார். தான் ஆணா பெண்ணா என்பதைத் தானே கண்டுகொள்ளும் வாய்ப்பை அந்த மாத்திரைகள் பிடுங்கிக்கொண்டன என்பது அவர் வருத்தம். பெர்லின் சுவர் விழுந்த பிறகு ஆவணங்கள் வெளியே வந்தன, வழக்கு நடந்தது. 2000-ல் விளையாட்டுத் துறைத் தலைவர் மான்பிரெட் எவால்டுக்கும் மருத்துவர் மான்பிரெட் ஹோப்னருக்கும் கிடைத்தது நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை. ஒரு நாள்கூட உள்ளே போகவில்லை. மருத்துவர் யாரிடம் சம்பளம் வாங்குகிறாரோ அவருக்காகத்தான் கண்காணிப்பார். அணியிடம் வாங்கினால் அணிக்காக.

400 மீட்டர் ஓடியவள் என்பதால் இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கிழக்கு ஜெர்மனியின் மரீட்டா கோக் 1985-ல் கான்பெராவில் 47.60 ஓடி உலக சாதனை வைத்தார். அவர் எந்தச் சோதனையிலும் மாட்டியதில்லை, அதையும் எழுதவேண்டும். 2025-ல் டோக்கியோவில் சிட்னி மெக்லாப்ளின்-லெவ்ரோன் 47.78 ஓடினார். நாற்பது வருடத்து ஷூ, டிராக், பயிற்சி எல்லாம் முன்னேறியும் இன்னும் 0.18 பாக்கி. அந்த ரேஸைப் பார்த்துவிட்டு நான் தூங்கவில்லை. என்னைப் போல எத்தனை பேர் எட்டாத ஒரு கோட்டை நோக்கி ஓடி, தன்மேல்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டு ஸ்பைக்ஸைக் கழற்றியிருப்பார்கள்!

பெரியவர்களுக்கு மட்டும் என்பதும் ஏட்டோடு நிற்கும். 18 வயதில் பந்தயக் கோட்டில் நிற்பவரை 15-லிருந்தே தயார் செய்கிறோம். போதாக்குறைக்கு, ஆஸ்லோவில் எலிகளை வைத்துச் செய்த ஆராய்ச்சி 2013-ல் வெளிவந்தது. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் கொடுத்த தசைகளில் கூடிய உயிரணுக் கருக்கள் மருந்தை நிறுத்தி மூன்று மாதம் ஆகியும் அப்படியே இருந்தன. பயிற்சி கொடுத்ததும் அந்தத் தசை சட்டென்று வளர்ந்தது. மனித உடம்பும் அதே மாதிரி என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இதைப் படிக்கிற கோச்சின் மூளை எங்கே போகும் என்று எனக்குத் தெரியும்: சின்ன வயதிலேயே கொடுத்து நிறுத்திவிட்டால் பலன் தங்குமே என்று.

ஓர் அளவு வைத்து அனுமதிக்கலாமே என்ற யோசனையும் புதிதில்லை. சைக்கிள் பந்தயத்தில், சிவப்பணுக்களைப் பெருக்கும் இ.பி.ஓ. என்ற மருந்தைக் கண்டுபிடிக்கச் சோதனை இல்லாத காலத்தில், 1997-ல், ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று கோடு போட்டார்கள். வீரரின் உடல்நலத்துக்காகப் போட்ட கோடு. என்ன நடந்தது? எல்லாரும் அந்தக் கோட்டில் வந்து நின்றார்கள். அணிகள் கையோடு ரத்தம் சுழற்றிப் பார்க்கும் குட்டி மிஷினை எடுத்துப்போயின. கூடிவிட்டால் அவசரமாக உப்புநீர் ஏற்றி நீர்க்கவைத்தார்கள். பிறவியிலேயே 47 உள்ளவனுக்குக் கிடைத்தது மூன்று, 40 உள்ளவனுக்குப் பத்து. இதில் எங்கே சமம்? மறு வருடமே பெஸ்டினா என்ற சைக்கிள் அணியின் கார் எல்லையில் பிடிபட்டு, அதற்குள்ளிருந்து ஒரு மருந்துக்கடையே வெளியே வந்தது.

அந்த அணியில் போடாத ஆள் ஒருவர் இருந்தார், கிறிஸ்டோப் பாஸன்ஸ். கூட ஓட்டியவர்களே போலீஸிடம் அப்படிச் சொன்னார்கள். 1999-ல் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் ஓட்டிக்கொண்டே, ஊக்கமருந்து பற்றிப் பத்திரிகையில் எழுதினார். பந்தயத்தின் நடுவே நட்சத்திர வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் பக்கத்தில் வந்து வீட்டுக்குப் போகச் சொன்னார். மற்ற வீரர்கள் அவரோடு பேசுவதை நிறுத்தினார்கள். சில நாளில் பாஸன்ஸ் மூட்டையைக் கட்டிவிட்டார். மருந்து தடைசெய்யப்பட்டிருந்த காலத்திலேயே மறுத்தவன் கதி இது. அனுமதித்த பிறகு மறுப்பவனுக்கு ஒப்பந்தம் யார் போடுவார்கள்?

என்ஹான்ஸ்டு கேம்ஸ் என்ற மருந்துப் பந்தயத்தைக் கட்டுரையாளர் எதிர்காலம் என்கிறார். அவர்கள் 2025-ல் பெருமையாக வெளியிட்டது கிரிஸ்டியன் கோலொமேவ் 50 மீட்டரை 20.89-ல் நீந்திய வீடியோ. பரிசு பத்து லட்சம் டாலர். 2009-ல் சேசர் சியேலோ உலக சாதனையாக நீந்தியது 20.91. மருந்தும் போட்டு, 2010 முதல் தடையிலிருக்கும் பாலியூரிதேன் உடையையும் போட்டு, விநாடியில் நூறில் இரண்டு பங்கு! சிரிக்கலாம்தான். ஆனால் அந்தப் பத்து லட்சத்தைப் பார்க்கிற பதினாறு வயசுப் பையனின் அப்பாவுக்குச் சிரிப்பு வராது.

இப்போதுள்ள முறை யோக்கியமானது என்று நான் வாதாட வரவில்லை. பெரிய திமிங்கலங்கள் தப்பிக்கின்றன. ஏழு டூர் பட்டங்களையும் வாங்கி ஓய்வும் பெற்றபிறகுதான் ஆர்ம்ஸ்ட்ராங் மாட்டினார். அதுவும் கூட இருந்தவர்கள் வாயைத் திறந்ததால். மீன்குஞ்சுகள் மாட்டுகின்றன. 2000 சிட்னியில் 16 வயது ஆந்திரேயா ரதுகான், அணி மருத்துவர் கொடுத்த ஜலதோஷ மாத்திரைக்காக ஜிம்னாஸ்டிக்ஸ் தங்கத்தை இழந்தாள். சுத்தமாக ஆடியவனுக்கும் நியாயம் நேரத்துக்குக் கிடைப்பதில்லை. 2004 ஏதென்ஸ் குண்டு எறிதல் தங்கம் ஆடம் நெல்சன் கைக்கு வந்தது 2013-ல், அட்லான்டா விமான நிலையத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் வைத்து. தேசிய கீதமா, மேடையா, ஒன்றும் கிடையாது.

மாற்ற வேண்டுமென்றால் அந்தப் படிவத்திலிருக்கும் கோச் கட்டத்தை உயிருள்ளதாக்குங்கள். சிறார் யாராவது மாட்டினால் கூட இருந்தவர்களைத் தானாகவே விசாரிக்கவேண்டும் என்று உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதியிலேயே இருக்கிறது. சிறாருக்குக் கொடுத்தது நிரூபணமானால் ஆயுள் தடை என்றும் இருக்கிறது. நான் பார்த்தவரையில், பிள்ளை வீட்டுக்குப் போகும். கோச் அடுத்த பேட்ச்சை எடுத்துக்கொண்டு டிராக்குக்கு வந்துவிடுவார்.

அந்தப் பெண் 2:10 ஓடவேயில்லை. அவள் வாழ்க்கையின் பெஸ்ட் 2:12.8. அதற்குப் பிறகு நிறுத்திவிட்டாள். நாலு விநாடி குறைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவள் அப்பா இன்னும் நினைப்பாரோ என்னவோ. நான் நினைப்பதுண்டு.

கட்டுரையில் ஒரு பிழையையும் திருத்திவிடுகிறேன். காஃபின் தடைப்பட்டியலில் இருப்பதாக எழுதியிருக்கிறார். 2004-லேயே எடுத்துவிட்டார்கள். அந்த அறையில், கடந்த ஏழு நாளில் உட்கொண்ட மருந்துகளை எழுதச் சொல்லிப் படிவத்தை நீட்டியபோது, காலையில் குடித்த காபியையும் எழுதவேண்டுமா என்று என் மாணவி கேட்டாள். இரண்டரை மணி நேரத்தில் அந்த அதிகாரி முதல்முறையாகச் சிரித்தார். வேண்டாம்மா என்றார். அவள் எதற்கும் இருக்கட்டும் என்று எழுதிவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தடகளப் பயிற்சியாளர்
(பெயர் வெளியிட வேண்டாம்)